மேற்கு ஆப்பிரிக்க முகத்துவாரங்கள்: கடல் மட்டும்தான் குற்றவாளியா?

ஒரு நிழற்படம். கடலோரத்தில் பாதி இடிந்த வீடு ஒன்று நிற்கிறது. அதன் சுவர் மணலில் சரிந்து கிடக்கிறது. அலை வாசற்படி வரை வந்து போகிறது. தொலைவில் வண்ணம் பூசிய நீண்ட மரப்படகுகள். படத்தின் கீழே ஒரே ஒரு வரி: தட்பவெப்பநிலை மாற்றத்தால் கடல் விழுங்கும் ஆப்பிரிக்கக் கிராமம்.

இத்தகைய படத்தையும் வரியையும் நீங்கள் செய்தித்தாளிலோ பாடநூலிலோ பார்த்திருக்கக்கூடும். பார்த்ததும் மனம் இரங்குகிறது. பிறகு பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த வரி பொய் என்று சொல்ல நான் வரவில்லை. உலகின் சராசரிக் கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. இவை அளந்து கண்ட உண்மைகள். ஆனால் உண்மையான ஒரு காரணத்தை எல்லாவற்றிற்கும் காரணமாகச் சொல்லத் தொடங்கினால், அந்த உண்மையே ஒரு திரையாகிவிடுகிறது. திரைக்குப் பின்னால் நடந்தவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்று முகத்துவாரங்களைப் பற்றி வழங்கும் இந்த ஒற்றை வரி விளக்கத்தைத்தான் இக்கட்டுரையில் சோதித்துப் பார்க்கப் போகிறோம். அதற்கு எதிராகச் சிலர் சொல்லும் மற்றோர் ஒற்றை வரியையும், அதாவது எல்லாம் அணை கட்டியதால் வந்த வினை என்பதையும், அதே தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

நீர், மணல், உப்பு

முகத்துவாரம் என்றால் ஆறு கடலில் கலக்கும் இடம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கூர்ந்து நோக்கினால் அங்கே நடப்பது கலப்பு மட்டுமன்று, ஓயாத போட்டியும் ஆகும். ஆறு நன்னீரைக் கொண்டுவந்து கடலை வெளியே தள்ளப் பார்க்கிறது. கடலோ நாளுக்கு இருமுறை ஓதமாக ஏறி, உப்புநீரை ஆற்றுக்குள் தள்ளுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, கரையைச் சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டிருக்கின்றன. ஆறு வலுத்தால் வாய் திறக்கிறது; மணல் வலுத்தால் வாய் அடைகிறது, அல்லது ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகிறது.

ஆகவே ஒரு முகத்துவாரத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மூன்று கணக்குகளைக் கேளுங்கள். நீர் எவ்வளவு வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது? மணல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? உப்பு எவ்வளவு தொலைவு உள்ளே ஏறுகிறது? இந்த மூன்றுக்கும் விடை தராத விளக்கம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அறிவியல் விளக்கம் ஆகாது.

நாக்கு போன்ற மணல் திட்டு

முதலில் செனகல் ஆற்றைக் காண்போம். கினி நாட்டின் ஃபூட்டா ஜல்லோன் மேட்டுநிலத்தில் பிறந்து, மாலி நாட்டைக் கடந்து, செனகலுக்கும் மாரிட்டேனியாவுக்கும் எல்லையாக ஓடி, சுமார் 1,800 கி.மீ. பயணத்திற்குப் பின் இது அட்லாண்டிக் கடலை அடைகிறது. கடலை அடையும் இடத்தில் சேன் லூயி என்னும் பழைய நகரம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1659இல் ஒரு தீவில் நிறுவிய நகரம் அது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நகரத்திற்கும் கடலுக்கும் இடையே ஒரு மெல்லிய மணல் திட்டு தெற்கு நோக்கி நீண்டு கிடக்கிறது. பார்பரியின் நாக்கு என்ற பொருளில் பிரெஞ்சு மொழியில் இதற்கு லாங் து பார்பரி என்று பெயர். நீளம் பல பத்துக் கிலோமீட்டர். அகலமோ சில நூறு மீட்டர்தான். வடமேற்கிலிருந்து வரும் அலைகள் மணலைத் தெற்கே நகர்த்துவதால் இந்த நாக்கு வளர்ந்தது. ஆறு நகரத்தருகே கடலைத் தொட்டும் தொடாமலும் வந்து, இந்த நாக்குக்குப் பின்னாலேயே தெற்கு நோக்கி ஓடி, சுமார் 30 கி.மீ. தாண்டித்தான் கடலில் கலந்து வந்தது. நாக்கு நீள்வதும், பெருவெள்ளத்திலோ புயலலையிலோ ஓரிடத்தில் அறுபடுவதும், வாய் மீண்டும் வடக்கே வருவதும் பழைய வரைபடங்களில் பலமுறை பதிவாகியுள்ளன. எனவே இங்கே முகத்துவாரம் இடம் மாறுவது புதுமையன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

நான்கு மீட்டர் வாய்க்கால்

2003ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். மழை நன்றாகப் பெய்திருந்தது. செனகல் ஆறு பெருகி, சேன் லூயியின் தாழ்ந்த பகுதிகளில் நீர் ஏறியது. நகரம் மூழ்கிவிடுமோ என்ற அச்சத்தில் அதிகாரிகள் ஒரு முடிவு எடுத்தனர். நகரத்திற்குத் தெற்கே சுமார் 7 கி.மீ. தொலைவில், மணல் நாக்கின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டது. அகலம் சுமார் 4 மீட்டர். ஆழம் சுமார் ஒன்றரை மீட்டர்.

வெள்ளம் வடிந்தது. நகரம் பிழைத்தது. ஆனால் வாய்க்கால் வாய்க்காலாக நிற்கவில்லை. சில நாட்களிலேயே அது 200 மீட்டருக்கு மேல் அகன்றது. பின்னர் கிலோமீட்டர் கணக்கில் விரிந்தது. பழைய முகத்துவாரம் மணலால் அடைபட்டது. நான்கு மீட்டர் பள்ளம் ஒரு பெரிய ஆற்றின் வாயாகவே மாறிவிட்டது.

இது ஏன் நிகழ்ந்தது என்று நீங்களே ஊகிக்கலாம். கடலைக் காட்டிலும் ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்திருந்தது. அந்த உயரத்தை இறங்குவதற்கு நீர் முன்பு 30 கி.மீ. ஓடவேண்டியிருந்தது, இப்போது 7 கி.மீ. போதும். ஆக, சரிவு நான்கு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. சரிவு கூடினால் வேகம் கூடும். வேகம் கூடினால் நீர் மணலை அரிக்கும். அரித்த வழி அகன்றால் இன்னும் அதிக நீர் பாயும். வெள்ளம் வடிந்த பிறகும் இது நிற்கவில்லை. ஏனெனில் வெள்ளத்தின் வேலையை ஓதம் எடுத்துக்கொண்டது. முன்பு கடல் ஓதம் 30 கி.மீ. நீளமான, ஆழமற்ற கால்வாய் வழியே உராய்ந்து உராய்ந்து வலுவிழந்துதான் நகரத்தை அடைந்தது. இப்போது அது நேராக உள்ளே நுழைகிறது. நுழைந்த நீர் நாளுக்கு இருமுறை வெளியேறவும் வேண்டும். அலைகள் கொண்டுவரும் மணல் அந்த வாயை அடைக்கப் பார்த்தாலும், போகவரப் பாயும் நீர் அதைத் திறந்தே வைத்திருக்கிறது.

இதன் பலனை அனுபவித்தவர்கள் வாய்க்கால் வெட்ட உத்தரவிட்டவர்கள் அல்லர். மணல் நாக்கின் மறைவில் கடலின் தொல்லையின்றி இருந்த துன் பாபா டியே என்னும் தீவுக் கிராமம், புதிய வாய்க்கு நேரெதிரே அகப்பட்டுக்கொண்டது. சுமார் பத்து ஆண்டுகளில் அது வாழ முடியாத இடமாகி, மக்கள் வெளியேறினர். அருகிலுள்ள காந்தியோல் பகுதியில் தோட்டப்பயிர் செய்துவந்தவர்களின் கிணறுகளில் உப்பு ஏறியது. மீனவர்களுக்குக் கடலுக்குச் செல்லும் வழி குறுகியது உண்மை. ஆனால் புதிய வாயில் மணல் மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், அங்கே உடையும் அலைகளில் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்திருக்கின்றனர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி நம் ஒற்றை வரி விளக்கத்தை எண்களால் சோதிப்போம். வாய்க்கால் வெட்டுவதற்கு முன் சேன் லூயியில் ஓத ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வேறுபாடு சராசரியாகச் சுமார் 30 சென்டிமீட்டராக இருந்தது. வெட்டிய சில ஆண்டுகளில் அது ஏறக்குறைய மூன்று மடங்காகி, 90 சென்டிமீட்டரை எட்டியது. கூடுதல் 60 சென்டிமீட்டர். அதில் பாதி மேல்நோக்கியும் பாதி கீழ்நோக்கியும் போனதாக வைத்துக்கொண்டால், ஓத ஏற்றத்தின்போது நீர் முன்னைவிட 30 சென்டிமீட்டர் உயரம் கூடுதலாக ஏறும்.

உலகக் கடல் மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தால் 30 சென்டிமீட்டர் உயர எத்தனை ஆண்டுகள் ஆகும்? 300ஐ 3.7ஆல் வகுத்தால் 81 வரும். அதாவது, தட்பவெப்பநிலை மாற்றம் இன்றைய வேகத்தில் எண்பது ஆண்டுகளில் செய்யக்கூடியதை ஒரு வாய்க்கால் சில ஆண்டுகளில் செய்துவிட்டது.

இது மிகத் தோராயமான கணக்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாய் அருகே வந்ததால் வெள்ளக்கால நீர்மட்டம் தாழ்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகரத்திற்கு அது நன்மையே. எண்கள் சற்று முன்பின் ஆனாலும் முடிவு மாறாது. துன் பாபா டியே அழிந்ததற்குக் கடல் மட்ட உயர்வை முதற்காரணமாகச் சொன்னால் கணக்கு உதைக்கிறது.

ஆனால், மாணவ நண்பரே, அவசரப்பட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். வாய்க்கால் வெட்டியவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் அரைகுறை விளக்கமே. அன்று அவ்வளவு வீடுகள் தாழ்நிலத்தில் இருந்தது எப்படி? 1968 அளவில் தொடங்கி, சஹாராவுக்குத் தெற்கேயுள்ள சாஹேல் நிலப்பகுதி நீண்ட வறட்சியில் சிக்கியது. 1972-73, 1983-84 ஆண்டுகளில் அது மிகக் கடுமையாக இருந்தது. செனகல் ஆற்றின் நீர்வரத்து முன்பிருந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நகரம் விரிந்தது, வறட்சியால் பிழைப்பிழந்த மக்களும் நகரத்திற்கு வந்தனர். வெள்ளமே வராத அந்த ஆண்டுகளில், ஆற்றின் வெள்ளப்படுகை காலி மனைபோலத் தோன்றியது. வீடுகள் எழுந்தன. மழை திரும்பியபோது ஆறு தன் பழைய இடத்தைக் கேட்டது.

இந்தத் தொடரைப் பாருங்கள். வறட்சி மக்களை நகர்த்தியது. நகரம் படுகையில் வளர்ந்தது. மழை மீண்டதும் வெள்ளம் அச்சுறுத்தியது. அச்சம் வாய்க்காலை வெட்டியது. வாய்க்கால் கடலை உள்ளே அழைத்தது. இதில் எந்தக் கண்ணி வானத்தினுடையது, எந்தக் கண்ணி மனிதனுடையது என்று பிரித்துக் காட்டுவதே விளக்கம். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டால் எந்தக் கண்ணியையும் சரிசெய்ய முடியாது.

யாரும் வெட்டாத வாய்

எதிர்த்தரப்புச் சாட்சிக்கு நெடுந்தொலைவு போகவேண்டாம். அதே செனகல் நாட்டில், தெற்கே சலூம் கழிமுகம் இருக்கிறது. அலையாத்திக் காடுகளும் கிளைக்கால்வாய்களும் நிறைந்த நிலம் அது. இரண்டாயிரம் ஆண்டு காலமாக மனிதர் சிப்பியும் மட்டியும் எடுத்துத் தின்று குவித்த ஓட்டு மேடுகள் அங்கே இருநூறுக்கும் மேல் உள்ளன. அதற்காகவே 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கும் சங்கோமார் என்னும் ஒரு மணல் நாக்கு உண்டு. 1987ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கடலலைகள் அதை அறுத்தன. யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை. அந்த அறுப்பும் பின்னர் கிலோமீட்டர் கணக்கில் விரிந்தது. மணல் நாக்குகள் தாமாகவும் அறுபடும் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

உப்புக் கணக்கிலும் இயற்கையின் கையை இங்கே தெளிவாகக் காணலாம். முகத்துவாரத்திலிருந்து ஆற்றுக்குள் செல்லச் செல்ல உவர்ப்பு குறையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சலூமிலும், இன்னும் தெற்கேயுள்ள கசமான்ஸ் ஆற்றிலும் அது தலைகீழ். உள்ளே போகப் போக உப்பு கூடுகிறது! மழை குறைந்து ஆறு நன்னீர் தராதபோது, ஓதம் கொண்டுவந்த கடல்நீர் வெயிலில் ஆவியாகிறது. நீர் போகிறது, உப்பு தங்குகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். 1980களின் நடுவில் கசமான்ஸின் மேற்பகுதியில் அதைவிட நான்கு மடங்குக்கும் மேலான உப்பு அளக்கப்பட்டது. ஆறு ஓர் உப்பளமாகிவிட்டது எனலாம்.

அலையாத்தி மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. அம்மரங்களின் அடியிலிருந்த சேறு காய்ந்து காற்றுப் பட்டதும், அதிலிருந்த இரும்பு கந்தகச் சேர்மம் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலத்தை உண்டாக்கியது. கடலோரச் சதுப்பில் வரப்புக் கட்டித் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த டியோலா மக்கள் உப்பும் அமிலமும் ஏறிய வயல்களைக் கைவிட நேர்ந்தது. கசமான்ஸின் முதன்மை ஆற்றின் குறுக்கே பேரணை எதுவும் இல்லை. ஆகவே இங்கே அணைதான் காரணம் என்று சொன்னால் அந்த விளக்கமும் தோற்கிறது. மழை ஓரளவு மீண்ட 1990களுக்குப் பிறகு சலூமில் அலையாத்திக் காடு பல இடங்களில் தானே தழைத்திருப்பதும் மழைக் கணக்கையே உறுதிப்படுத்துகிறது.

பழி யார்மேல்?

அந்த வறட்சிக்குக் காரணம் என்ன என்ற கேள்வியிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1975இல் வானிலை அறிவியலில் பெரும் பெயர் பெற்ற ஜூல் சார்னி என்பவர் ஒரு கருத்தை வெளியிட்டார். கால்நடைகள் அளவுக்கு மீறிப் புல்லை மேய்ந்துவிட்டால் வெளிறிய மண் வெளிப்படுகிறது. அது சூரிய ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. அதனால் காற்று கீழிறங்கி மழை குறைகிறது என்பது அவர் வாதம். இயற்பியல் முறையில் அது பிழையான சிந்தனை அன்று. ஆனால் மேய்ப்பர்களே தங்கள் வறட்சியைத் தாங்களே வரவழைத்தார்கள் என்னும் எண்ணத்திற்கு அது ஆதாரமாக எடுத்தாளப்பட்டது.

2003இல், அதாவது சேன் லூயியில் வாய்க்கால் வெட்டிய அதே ஆண்டில், ஜியன்னினி, சரவணன், சாங் என்னும் மூவர் வேறொரு சோதனையைச் செய்து காட்டினர். 1930 முதல் 2000 வரை அளக்கப்பட்ட கடல்மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் கணிப்பொறி மாதிரி ஒன்றுக்குக் கொடுத்தார்கள். சாஹேல் மழையின் நீண்டகால ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் அதிலேயே வெளிப்பட்டது. காரணம் முதன்மையாகக் கடல்களில் இருந்தது. மேய்ப்பனின் ஆடுமாடுகளில் அன்று. நிலத்தின் நிலை அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கடல்களின் வெப்ப வேறுபாட்டில் வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் ஆலைப்புகையிலிருந்து வந்த கந்தகத் துகள்களுக்கும் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பங்கு எவ்வளவு என்பது மட்டுமே விவாதத்தில் உள்ளது.

கவனித்தீர்களா? காரணம் மாறும்போது பழி சுமப்பவரும் மாறுகிறார். மேய்ச்சல்தான் காரணம் என்றால் ஏழை மேய்ப்பர் குற்றவாளி. தொலைநாட்டுப் புகையும் காரணம் என்றால் கேள்வி வேறு திசையில் திரும்புகிறது. காரணத்தைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று விஞ்ஞானிகள் பிடிவாதம் பிடிப்பது வெறும் ஏட்டுச் சண்டை அன்று.

அணையின் வரவும் செலவும்

இனி அணைக்கு வருவோம். வறட்சியால் அடிபட்ட மாலி, மாரிட்டேனியா, செனகல் ஆகிய மூன்று நாடுகளும் 1972இல் செனகல் ஆற்றுக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவின. 2006இல் கினியும் சேர்ந்தது. சேன் லூயிக்கு மேலே சுமார் 27 கி.மீ. தொலைவில் டியாமா அணை 1986இல் முடிந்தது. மேலே மாலி நாட்டில் மனந்தாலி நீர்த்தேக்கம் 1988இல் எழுந்தது. டியாமாவின் வேலை உப்பைத் தடுப்பது. அதற்குமுன் கோடையில் உப்புநீர் ஆற்றுக்குள் 200 கி.மீ.க்கும் மேல் ஏறிவந்தது. அணை வந்தபின் நெல்லுக்கும் கரும்புக்கும் ஆண்டு முழுதும் நன்னீர் கிடைத்தது. மனந்தாலி மின்சாரம் மூன்று நாட்டுத் தலைநகரங்களுக்கும் செல்கிறது. இவற்றைச் சிறு நன்மைகள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் முகத்துவாரம் என்பது உப்பும் நன்னீரும் முறைவைத்து ஆண்ட நிலம். உப்பு வரும் பருவம் நின்றதும் சம்புப் புல் கரையெங்கும் அடர்ந்து வாய்க்கால்களை அடைத்தது. நத்தைகள் பெருகின. அந்த நத்தைகள் வழியே பரவும் குடல் பில்ஹார்சியா நோய், 1988இல் ரிச்சார் தோல் என்ற ஊரில் முதலில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து விரைவாகப் பரவியது. இதில் விந்தையான ஒரு கண்ணியும் உண்டு. அந்த ஆற்றில் வாழும் ஒருவகைப் பெரிய இறால் நத்தைகளைத் தின்னும். அது குஞ்சு பொரித்து வளர உவர்நீர் வேண்டும். அதற்காக முகத்துவாரத்திற்கு வந்து போகவேண்டும். அணை அந்தப் பாதையை மறித்துவிட்டது. லாம்சார் என்னும் கிராமத்தில் ஆய்வாளர்கள் இறாலைக் கொண்டுவந்து நீர்த்துறையில் விட்டபோது, நோய் தாங்கிய நத்தைகளும் மக்களிடையே நோயும் குறைந்ததை 2015இல் வெளியிட்டனர். உப்பைத் தடுத்த சுவர் இறாலைத் தடுத்தது; இறாலைத் தடுத்ததால் குழந்தைகளுக்கு நோய் கூடியது. திட்டம் தீட்டியவர்களின் வரைபடத்தில் இறாலுக்கு இடமில்லை.

அணையால் கடற்கரைக்கு மணல் வராமல் போயிற்று என்றும் சொல்வதுண்டு. இதை ஊருக்கு ஊர் பார்த்தே சொல்ல வேண்டும். செனகலில் நாக்கை வளர்க்கும் மணலில் பெரும்பகுதி வடக்கிலிருந்து கரையோரமாக வருவது. அணைமேல் முழுப்பழியும் போட இயலாது. கானா நாட்டின் வோல்டா ஆற்றில் கதை வேறு. 1965இல் முடிந்த அகோசோம்போ அணை சுமார் 8,500 சதுர கி.மீ. பரப்புள்ள ஏரியை உண்டாக்கி, ஆற்று மணலைப் பிடித்து வைத்துக்கொண்டது. கிழக்கேயுள்ள கேட்டா நகரத்தின் கரை அரிப்பு அதனால் கடுமையாயிற்று. ஆயினும் கேட்டாவில் அரிப்பு 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. அப்போது அணையும் இல்லை. ஆகவே அணை அரிப்பைத் தோற்றுவிக்கவில்லை, முடுக்கிவிட்டது என்பதே நேர்மையான வாசகம்.

இன்னும் கிழக்கே டோகோ நாட்டின் லோமே நகரத்தில் 1960களில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீட்டப்பட்டது. மேற்கிலிருந்து வந்த மணல் சுவரின் ஒருபுறம் சேர்ந்து கரை அகன்றது; மறுபுறம் மணலின்றிக் கரை அரிந்தது. ஒரே சுவர், ஒரே கடல், ஒரே கடல் மட்டம். ஒருபுறம் நிலம் வளர்கிறது, மறுபுறம் தேய்கிறது. கடல் மட்ட உயர்வு மட்டும் காரணமானால் இருபுறமும் தேயவேண்டும் அன்றோ?

விளக்கம் தவறினால் மருந்தும் தவறும்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, எப்படியும் மக்கள் துன்பப்படுகிறார்கள் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். துன்பத்தைத் தீர்க்கும் வழி காரணத்தைப் பொறுத்தது. எல்லாம் தட்பவெப்பநிலை மாற்றம் என்றால், உள்ளூரில் யாரும் எதற்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. வாய்க்கால் வெட்டுமுன் மணல் கணக்கைப் பார்த்தீர்களா என்று எவரும் கேட்கமாட்டார்கள். மக்களைக் குடிபெயர்ப்பது ஒன்றே வழியாகத் தோன்றும்.

சேன் லூயியின் கெட் என்டார் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் நாக்கின்மேல் தோளோடு தோள் உரசும் வீடுகளில் வாழும் மீனவர் பேட்டை அது. 2017, 2018 ஆண்டுகளின் கடற்சீற்றத்தில் அங்கே பல வீடுகள் இடிந்தன. இந்தப் பேட்டை வெட்டிய வாய்க்கு வடக்கே இருக்கிறது; அதன் கடற்பக்க அரிப்பை வாய்க்காலின் கணக்கில் எழுதுவது சரியாகாது. அங்கே புயலலையும் உயரும் கடலும் அலை தொடும் இடம் வரை நெருங்கிய வீடுகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. 2018இல் உலக வங்கி 30 மில்லியன் டாலர் ஒதுக்கியது. ஜுகோப் என்னும் உள்நிலப் பகுதிக்குக் குடும்பங்கள் மாற்றப்பட்டன. உயிருக்கு அது பாதுகாப்பு. ஆனால் படகு கடலோரத்திலும் வீடு கிலோமீட்டர்கள் தள்ளியும் இருந்தால் மீனவர் பிழைப்பது எப்படி? துன் பாபா டியேயின் மக்களுக்கும் கெட் என்டாரின் மக்களுக்கும் நேர்ந்தது பார்வைக்கு ஒன்றே. காரணங்கள் வேறு, தரவேண்டிய நியாயமும் வேறு.

மாறாக, எல்லாம் மனிதன் செய்த தவறு, அணையை உடைத்தால் போதும் என்பவர்கள் வரப்போகும் காலத்தை மறக்கிறார்கள். கடல் மட்டம் தொடர்ந்து உயரும். தாழ்ந்த மணல் நாக்கின்மேல் உயரும் கடல், நேற்று தாங்கிய புயலை நாளை தாங்கவிடாது. வாய்க்கால் செய்ததைக் கடல் மெதுவாகச் செய்யும். ஆனால் எல்லா முகத்துவாரங்களிலும் ஒருசேரச் செய்யும்.

கணக்கறிந்து செயல்பட்டால் பயன் உண்டு என்பதற்கும் அதே ஆற்றில் சான்று இருக்கிறது. டியாமா அணைக்குக் கீழே, மாரிட்டேனியக் கரையில் டியாவ்லிங் தேசியப் பூங்கா 1991இல் அமைந்தது. அணையால் வறண்டு உப்புப் பாலையாகிக் கிடந்த அந்த இடத்தில், 1990களின் நடுவிலிருந்து மதகு வழியே முறைவைத்து நீர் விட்டார்கள். பழைய வெள்ளம் எந்தப் பருவத்தில் வந்ததோ அந்தப் பருவத்தில் செயற்கை வெள்ளம். பிறகு உப்புநீருக்கும் ஒரு முறை. மீன் திரும்பியது, பறவை திரும்பியது. அங்குள்ள பெண்கள் பாய் முடைய அறுக்கும் புல்லும் திரும்ப முளைத்தது. அணையை உடைக்கவில்லை, அணை மறந்த கணக்கை நினைவூட்டினார்கள்.

அடுத்த முறை அந்த இடிந்த வீட்டின் படத்தைக் காணும்போது பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த ஆற்றில் நீர் எந்த மாதத்தில் வந்தது, இப்போது எந்த மாதத்தில் வருகிறது? இந்தக் கரைக்கு மணல் எங்கிருந்து வந்தது, வழியில் அதை யார் மறித்தார்? உப்பு நேற்று எங்கே நின்றது, இன்று எங்கே நிற்கிறது? இவற்றைக் கேளுங்கள். தேர்வில் இக்கேள்விக்கு ஒரே வரியில் விடை எழுதினால் ஒருவேளை மதிப்பெண் கிடைக்கலாம். துன் பாபா டியேயிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறிய குடும்பத்திற்கு அந்த ஒரு வரி போதாது.